கணீர் பற்றி ஒரு பக்கம்

அந்த வருடம் டிப்போவில் நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். டயர் பிரிவில் ஒருவர், வாசல் காவலாளி, கேன்டீன் அக்கா, கடைசியாகக் கண்டக்டர் கணீர். நிறுத்தத்தின் பெயரை அவர் ஒரு தடவை சொன்னால் போதும், கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து இறங்கிவிடுவான். அதனால் வந்த பட்டம் அது. ஆண்டு முடிவில் இறந்தவர்களுக்காகச் சங்கம் ஒரு நினைவுக் கூட்டம் போடும். ஆளுக்கு ஒரு பக்கம் என்று சின்னதாக ஒரு மலரும் அச்சடித்துக் கொடுக்கும். கணீரைப் பற்றிப் பேச யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்த துணைச் செயலாளர், நேராக உம்மணாவிடம் போய் நின்றாள். அவள் டிக்கெட் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெண் ஒருத்தி வேண்டும் என்று சங்கத்தில் பதவி கொடுத்திருந்தார்கள், டிப்போவின் பழைய கதைகள் இன்னும் அவள் காதுக்கு வந்து சேரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

உம்மணா டிரைவர். முழுப் பட்டம் உம்மணாமூஞ்சி. நேரில் பார்த்தால் எல்லோருக்கும் அவர் 'அண்ணே'தான்.

"அண்ணே, பத்தொம்பது வருஷம் ரெண்டு பேரும் ஒரே வண்டி. உங்கள விட்டா வேற யாருண்ணே பேசுவா?"

உம்மணா டீ கிளாசைக் கீழே வைத்தார். "கடைசி பதினோரு வருஷம் நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. தெரியுமா உனக்கு?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப வேணாம்ணே. நான் வேற யாரையாவது..."

"எதுக்கு வேணாம்? பேசறேன். எழுதிக்கோ என் பேரை."

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். பின்னாலிருந்து, புறப்படலாம் என்பதற்கான டபுள் பெல் கேட்டது, உம்மணா வண்டியை எடுத்தார். அந்த அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. விசாரணையில் கணீர் எழுந்து நின்று, "நான் பெல் அடிக்கல. டிரைவரே தானா வண்டிய எடுத்துட்டாரு" என்று சொன்னார். உம்மணாவுக்கு ஆறு மாத சஸ்பென்ஷன். புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பதவிக்குப் பட்டியலில் முதல் ஆளாக இருந்தவர், பட்டியலிலிருந்தே காணாமல் போனார். திரும்பி வேலைக்கு வந்தபோது டூட்டி சார்ட்டில் பழையபடி அதே வண்டி, அதே கண்டக்டர்.

ஆளை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்திருந்தால் மறுநாளே மாற்றியிருப்பார்கள். உம்மணா கொடுக்கவில்லை. 'தப்பு பண்ணினவன் அவன், நான் ஏன் நகரணும்?' என்று இருந்துவிட்டார். கணீரும் கொடுக்கவில்லை. இப்படியாகப் பதினோரு வருடம் அந்த வண்டி ஓடியது. பேச்சு கிடையாது, பெல் மட்டும்தான். பின் டயரில் காற்று குறைந்தால் கணீர் யாராவது பயணியிடம், "டிரைவர்கிட்ட சொல்லுங்க, பின்னாடி காத்து இல்ல" என்பார். இரண்டடி தூரத்தில் காதில் விழுந்தாலும் உம்மணா திரும்ப மாட்டார். அந்தப் பயணி வந்து சொன்ன பிறகுதான், "பாத்துக்கறேன்னு சொல்லுங்க" என்று பதில் போகும். டிப்போ முழுக்க இதை நடித்துக் காட்டிச் சிரிக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் குளியலறையில் மாரடைத்து கணீர் விழுந்தபோது, அடக்கத்துக்குப் போகாத ஒரே ஆள் உம்மணாதான். அன்றைக்கு அவர் லீவுகூடப் போடவில்லை.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன பேசப் போறீங்க?"

"உள்ளதை."

"கணீர் வீட்டம்மா முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. புருஷன் போய் மூணு மாசம்தான் ஆகுது."

"எனக்குப் பதினோரு வருஷம் ஆகுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வழக்கமாக நினைவுக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். அன்றைக்கு ஓய்வறையில் நிற்க இடமில்லை. உம்மணா பேசப் போகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. சங்கச் செயலாளர் பதினைந்து வருடமாக அந்த நாற்காலியை விடாதவர். மேடையில் உம்மணாவைப் பார்த்ததும் துணைச் செயலாளர் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு உம்மணாவிடம், "ரெண்டு வார்த்தை போதும். ஃபேமிலி வந்திருக்காங்க" என்றார்.

காவலாளியைப் பற்றிப் பேசியவர், அவர் ஒரு நாளும் கண்ணயர்ந்ததில்லை என்றார். காவலாளியின் குறட்டையைக் கேட்டே வளர்ந்த மெக்கானிக்குகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேன்டீன் அக்கா யாரையும் கடிந்து பேசியதில்லை என்றார் அடுத்தவர். அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அந்த அறையில் ஒருவரும் கிடையாது. உம்மணாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போனால் ஆளே மாறிவிடுவானா?

அவர் முறை வந்தது.

"கணீர் நல்ல தொழிலாளி. லீவு போட மாட்டான். யாரையும் பாதி வழியில இறக்கிவிட மாட்டான். அதெல்லாம் சரி. ஆனா அவன் என்மேல பொய் சொன்னான். அன்னிக்கு டபுள் பெல் அடிச்சது அவன். அடிக்கலைன்னு சொன்னதும் அவன். என் வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டு, பதினோரு வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி நின்னு ஊர் பேரு கூவிக்கிட்டு வந்தான். அவனுக்கு அஞ்சலி சொல்ல எனக்கு வாய் வரல. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

"இறங்குய்யா கீழ!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "செத்தவனைப் பேச வெக்கமா இல்ல?" என்று இன்னொருவன். செயலாளர் மைக்கைப் பிடுங்க எழுந்தார்.

அதற்குள் முன்வரிசையில் கணீரின் மனைவி எழுந்து நின்றுவிட்டார். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவருக்கு. எந்தக் கைக்கும் நடுங்காத விரல்கள். குரலும் அப்படித்தான் இருந்தது.

"கத்தாதீங்க யாரும். அவர் சொல்றது நிஜம்தான். எங்க வீட்டுக்காரர் பொய்தான் சொன்னார். ஏற்கெனவே ஒரு மெமோ இருந்துச்சு, இன்னொண்ணு வந்தா வேலை போயிடும்னு பயமுறுத்தி, இப்படிச் சொல்லுன்னு சொல்லிக் கொடுத்தது யாரு?" மேடையைப் பார்த்தார். "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லவா?"

விசாரணை நடந்த வருடம் சங்கத் தேர்தலில் செயலாளரை எதிர்த்து நின்று ஒன்பது ஓட்டில் தோற்றவர் உம்மணா. பழைய ஆட்கள் எல்லோருக்கும் அது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"அம்மா, துக்கத்துல இருக்கீங்க, என்ன பேசறோம்னு தெரியாம..." என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"எனக்கு நல்லாத் தெரியும். எங்க வீட்டு ஹால்ல, எங்க வீட்டு நாற்காலியில உக்காந்துதான் சொல்லிக் கொடுத்தீங்க." பிறகு உம்மணா பக்கம் திரும்பினார். "நீங்க ரொம்ப உத்தமர் மாதிரி நிக்காதீங்க. விசாரணை முடிஞ்ச வாரமே அவர் உங்க வீட்டு வாசலுக்கு வந்தாரா இல்லியா? எழுதிக் கொடுத்து மாத்தி சொல்றேன்னு சொல்லத்தான் வந்தாரு. வாயைத் திறக்க விட்டீங்களா? உங்க பிள்ளைங்க பாத்துக்கிட்டிருக்க, மூஞ்சியில அறையற மாதிரி கதவைச் சாத்தினீங்க. அதை ஏன் மைக்குல சொல்லல?"

உம்மணா கதவைச் சாத்தியது உண்மை. சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் அன்று நினைத்தார். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்தம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அதற்குப் பிறகு அது நினைவுக் கூட்டமாக இல்லை.

இரண்டு வாரம் கழித்து மலர் வந்தது. உம்மணா ஒரு பிரதியை வாங்கிப் புரட்டினார். டயர் பிரிவு, காவலாளி, கேன்டீன் அக்கா. அதற்கு அடுத்த பக்கத்தில் சங்கத்துக்கு வாழ்த்துச் செய்தி. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். கணீர் இல்லை. மலரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சங்க அறைக்குள் நுழைந்தார்.

"நாலு பேர் செத்தாங்க. மூணு பேர்தான் இருக்காங்க. அவன் பக்கம் எங்க?"

"சர்ச்சையாயிடுச்சு. கமிட்டி வேணாம்னு முடிவு பண்ணிச்சு" என்றார் செயலாளர், தலை நிமிராமல்.

"இருபத்தாறு வருஷம் வேலை பாத்தவன். இந்த டிப்போவுலயே அவன் இல்லாத மாதிரி ஆக்கிட்டியே!"

"நீதானேய்யா மேடை ஏறி அவனை நாறடிச்ச? இப்ப உனக்கு என்ன திடீர் பாசம்?"

"பாசமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கும் அவனுக்கும் தீராதது இருக்கு, நாறடிச்சேன். உனக்கு என்ன இருக்கு? உன் பேரு வெளிய வந்துடுச்சு, அதானே?"

"வெளிய போ."

"போறேன். அந்தப் பக்கத்தை நான் எழுதறேன்."

எழுதுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. டூட்டி முடிந்து சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் நின்றது இதுதான்:

"கணீர். கண்டக்டர். இருபத்தாறு வருடம். மழை நாளில் பின்படியில் நின்று, ஏறுகிறவர்களின் குடையை வாங்கி மடக்கிக் கொடுப்பார். கண் தெரியாத ஒருவர் தினமும் எங்கள் வண்டியில் வருவார். அவருடைய நிறுத்தம் வருவதற்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே தோளைத் தொட்டுச் சொல்வார். விசாரணையில் என்மேல் பொய் சொன்னார். செயலாளர் சொல்லிக் கொடுத்தார். அதைத் திருத்த ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தார். நான் கதவைச் சாத்தினேன். இப்படிக்கு, அவருடைய டிரைவர்."

அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மத்தியானத்துக்குள் கிழித்திருந்தார்கள். மறுபடி எழுதி ஒட்டினார். அதையும் கிழித்தார்கள். மூன்றாவது தடவை டயர் பிரிவுக்குப் போய், ட்யூபுக்கு ஒட்டுப் போடும் பசையை வாங்கி, தாளின் முழு முதுகிலும் தடவி ஒட்டினார். அதற்கப்புறம் கிழிக்க வந்தவனுக்கு நகம்தான் போயிற்று. ஓய்வறையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைகள் காலியாகும். செயலாளரின் ஆட்கள் அவர் காது படவே, "பைத்தியம் பிடிச்சிடுச்சு" என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் துணைச் செயலாளர் ஒரு கவரோடு வந்தாள்.

"கணீர் சார் வீட்டம்மா குடும்ப பென்ஷன் விஷயமா வந்தாங்கண்ணே. பலகையைப் படிச்சுட்டு இதை எழுதி உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க."

உள்ளே சில வரிகள்தான். 'ஒரு தடவை என்று எழுதியது தவறு. இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை நீங்கள் வீட்டில் இல்லை. உங்கள் மனைவியைக் கேளுங்கள். மூன்றாவது தடவை போகிறேன் என்றவரைப் போகவிடாமல் தடுத்தது நான். எல்லாவற்றையும் சரியாகப் போடவும்.'

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உம்மணா காகிதத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் படித்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"வந்தானா?"

"வந்தாரு. சஸ்பென்ஷன் முடிஞ்சு நீங்க டூட்டிக்குப் போன மறுவாரம். கையில எழுதின காகிதம் வெச்சிருந்தாரு. உங்ககிட்ட கொடுக்கணும்னாரு."

"வாங்கினியா?"

"இல்ல. அவர் வர்றதுக்குள்ள போயிடுங்கன்னு சொல்லிட்டேன். நீங்க பாத்திருந்தா அடிதடி ஆயிருக்கும். அப்பதான் வேலை திரும்பக் கெடச்சிருந்துது. எனக்கு அதுதான் பெருசா தெரிஞ்சுது."

"பதினோரு வருஷம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னியாடி?"

அவள் கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் எறிந்தாள். "சொல்ற மாதிரியா இந்த வீட்டுல இருந்தீங்க? அவர் பேரை எடுத்தாலே சாப்பிடற தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனது யாரு? பிள்ளைங்க உங்க மூஞ்சியைப் பாத்துதான் பேசலாமா வேணாமான்னு முடிவு பண்ணுச்சுங்க. நான் எங்க சொல்றது? செவுத்துக்கிட்டயா?"

அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அதை எந்தப் பக்கம் வீசுவது என்று தெரியவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்து இன்னொரு தாளை எடுத்தார். அவள் கதவருகே வந்து நின்றாள்.

"என்னையும் பலகையில ஏத்தப் போறீங்களா?"

"ஏத்துவேன்."

"ஏத்துங்க. நான் செஞ்சதுதானே" என்றாள். அதோடு பத்து நாளைக்கு அவரோடு பேசவில்லை.

புதிய தாளில், 'இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை நான் கதவைச் சாத்தினேன். ஒரு தடவை என் மனைவி திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை அவருடைய மனைவி போக விடவில்லை' என்று இருந்தது. பழையதை உரிக்க முடியாததால் அதன்மேலேயே ஒட்டினார்.

விசாரணையைத் திரும்ப எடுக்கக் கேட்டு அவர் போட்ட மனுவுக்கு, முக்கிய சாட்சி உயிரோடு இல்லாததால் இயலாது என்று பதில் வந்தது. அடுத்த சங்கத் தேர்தலில் செயலாளர் மறுபடியும் ஜெயித்தார், இந்தத் தடவை நான்கு ஓட்டில்.

குடும்ப பென்ஷன் கையெழுத்துக்காகக் கணீரின் மனைவி இன்னொரு முறை டிப்போவுக்கு வந்தார். பலகை முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த உம்மணா நிமிர்ந்தபோது அந்தம்மா எதிரே நின்றிருந்தார்.

"திருத்தியிருக்கீங்க. பாத்தேன்."

"ம்."

"அதனால நமக்குள்ள எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல" என்றார் உம்மணா.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். உம்மணா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வண்டி எடுக்க நேரமாகியிருந்தது.