சேறா? நடுவுல போ

சேற்றைக் கண்டால் இறங்குவது எருமை. சுற்றிப் போவது மனிதன். நாகரிகம் அங்கேதான் தொடங்கியது. இதை நான் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதி நாலு நாளாகியும் யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கட்டுரைக்குக் காரணம் என் அக்கா. வாரத்தில் ஐந்து நாள் பட்டறையில் வெல்டிங் வேலை. சனி, ஞாயிறில் பழைய ஜீப்பில் கடப்பாரையும் சாக்கும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். அங்கே ஜீப்பும் பைக்கும் போக ஒரு மண்பாதை உண்டு. அது மூடப்படாமல் இருப்பதே அக்காவின் குழுவால்தான். பாட்டில் பொறுக்குவார்கள், விழுந்த மரத்தை அறுப்பார்கள், மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் குறுக்கே வாய்க்கால் வெட்டுவார்கள். குழுவில் ஒரு பல் டாக்டரும் உண்டு. வாரமெல்லாம் மனிதர்களின் பல்லிடுக்கு, வாரக் கடைசியில் மலையின் பல்லிடுக்கு.

அவர்களுக்கு ஒரே சட்டம். ஜீப்பின் பின்னால் எழுதியிருக்கும்: 'சேறா? நடுவுல போ.' சுற்றிப் போனால் ஓரத்துப் புல் சாகும். அடுத்த மழையில் அதுவும் சேறாகும். அடுத்தவன் இன்னும் தள்ளிப் போவான். கடைசியில் மலையே பாதையாகிவிடும் என்பது அவர்கள் வாதம். கழுவித் துடைத்த பைக் வைத்திருப்பவனிடம் இந்த வாதம் செல்லுமா? போன ஞாயிறு நான் மனிதனாகவே நடந்துகொண்டேன்.

புதன்கிழமை வனக்காவலர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, சேத்துப் பக்கத்துல புதுசா ஒரு தடம் விழுந்திருக்கு. ஒரு பைக்தான். ஆனா ஒண்ணு போனா ஒம்பது போகும். ஞாயித்துக்கிழமை நானே வந்து நின்னு பாப்பேன். ஒருத்தன் சுத்திப் போனாலும் பாதையோட கேட்டுக்குப் பூட்டுதான். அப்புறம் யாரும் என்கிட்ட கெஞ்ச வேணாம்."

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா, "ரெண்டு வருஷமா கல்லு சுமந்தோம்டா" என்றாள். அவள் அழுத்தமான ஆள். குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை, அடுத்த கட்டுரைக்குச் சரக்குத் தேடி நானும் பைக்கில் பின்னாலேயே போனேன். காய்ந்து கிடந்த தடத்தின் முன் பல் டாக்டர் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பின் டயர். இடது ஓரத்துல ஒரு பல்லு இல்ல. அடுத்த பல்லும் ஆடுது."

எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். என் பைக் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"அடப்பாவி, நீதானா?" என்றார் டாக்டர்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். அக்கா மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். "மேதாவி, அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டு."

சாயங்காலம் வரை வெட்டினேன். சுற்றுத்தடத்தில் முள் அடுக்கினோம். கையில் கொப்புளம் வந்தது; அதைப் பற்றி எழுத முடியாது, பேனா பிடிக்க முடியவில்லை.

ராத்திரி மழை.

ஞாயிறு காலை போனபோது சேறு முழங்கால் ஆழத்துக்குத் தளதளவென்று இருந்தது. வனக்காவலர் கையில் பூட்டோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் யாரோ ஆறு பைக்காரர்கள் நின்றார்கள்.

"முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினா ஓரமாவே போயிடலாம்டா" என்றான் ஒருவன். இன்னொருவன் குனிந்து ஒரு கிளையைப் பிடித்தும் விட்டான்.

"தம்பி, வேணாம்பா, நடுவுல போங்க" என்றாள் அக்கா ஜீப்பிலிருந்து.

"முதல்ல யாராச்சும் போகட்டும், பாப்போம்."

வனக்காவலர் எழுந்தார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் போட்டிருந்தது வெள்ளை ஷூ. பைக்கை முந்தின ராத்திரிதான் ஷாம்பூ போட்டுக் கழுவியிருந்தேன்.

கிளையைப் பிடித்திருந்தவனிடம், "அண்ணே, கொஞ்சம் வழி" என்றேன். முதல் கியர் போட்டு நடுவில் இறக்கினேன்.