தட்டி ஓய்ந்த பிறகு

கண்ணாடி வில்லைகளோடும் லேசர்களோடும் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவள் அவள். பாலத்தின் அதிர்விலிருந்து கைக்கடிகார முள்ளின் துடிப்புவரை ஒளியை வைத்தே அளந்துவிடுவாள். சிலந்தி என்றால் மட்டும் பத்தடி தள்ளி ஓடுவாள். அண்ணன் கட்டிக்கொண்டு வந்ததோ சிலந்திகளை ஆராய்கிற ஒரு பெண்ணை. போதாக்குறைக்கு இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை. இவளுக்குத் தரைத்தளம், அண்ணிக்கு இரண்டாம் மாடி.

ஒரு திங்கட்கிழமை காலை அண்ணி இறங்கி வந்தாள். ஆண் சிலந்தி பெண்ணை மயக்க இலையைக் கால்களால் தட்டுமாம். அந்த அதிர்வை அளந்து தர வேண்டும் என்றாள். அண்ணி வாய்விட்டுக் கேட்டு இவள் எதையும் மறுத்ததில்லை. பூச்சிப் பெட்டிகளிடம் மட்டும் என்னை இழுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

அறையின் மறுகோடியில் நின்றபடியே லேசர் புள்ளியை, அண்ணி ஆணையும் பெண்ணையும் விட்டிருந்த இலையில் விழவைத்தாள். திரும்பி வந்த ஒளியிலிருந்து இலையின் நடுக்கத்தைக் கணினி கோடாக வரைந்தது. ஆண் தட்டியதும் கோடு துள்ளியது; அண்ணிக்கு வாயெல்லாம் பல். ஆனால் அது தட்டி ஓய்ந்த பிறகும் கோடு லேசாக நெளிந்தது.

"உன் மெஷின்ல ஏதோ கோளாறு. பொண்ணு பதிலே சொல்லாதுன்னுதான் இதுவரைக்கும் எல்லாரும் எழுதியிருக்காங்க," என்றாள் அண்ணி.

அவளுக்குச் சுருக்கென்றது. "என் மெஷின் பொய் சொல்லாது அண்ணி. ரெண்டு நாள் குடுங்க."

மின்விசிறியை நிறுத்தினாள். குளிர்பெட்டியை வெளியே தள்ளவைத்தாள். மேசைக் கால்களுக்கு அடியில் காற்றடித்த சைக்கிள் டியூப்களைச் செருகினாள். நெளிவு போகவில்லை. பெண்ணை எடுத்துவிட்டு ஆணை மட்டும் விடச் சொன்னாள். அது தட்டியது, நிறுத்தியது, கோடு வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டது. பெண்ணைத் திரும்ப விட்டதும் நெளிவும் திரும்ப வந்தது.

இனி ஒளியைப் பெண்ணின் முதுகிலேயே விழவைக்க வேண்டும். அதற்கு வில்லையைச் சிலந்திக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக் கையால் திருக வேண்டும். அவள் குனிந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு திருகினாள். புள்ளி நழுவியது, மறுபடி திருகினாள். அரை மணி நேரம் ஓடியது அவளுக்குத் தெரியாது. எட்டுக் கண்கள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக்கூட அவள் சட்டை செய்யவில்லை.

அதிர்வை ஒலிபெருக்கிக்குத் திருப்பினாள். ஆண் தடதடவென்று தட்டியது. ஓய்ந்தது. அந்த இடைவெளியில், தூக்கத்தில் பூனை உறுமுவதுபோல ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

அண்ணி ஒலிபெருக்கியின் அருகே காதைக் கொண்டுபோனாள். பிறகு மெல்ல, "நான் ஆராய்ச்சி பண்ற இந்தப் பதினோரு வருஷமா இந்தப் பொண்ணுங்க பேசிட்டுதான் இருந்திருக்காங்க. எனக்குத்தான் கேக்கல," என்றாள்.

அடுத்த மூன்று வாரங்களில் இருபத்திரண்டு ஜோடிகளைச் சோதித்தார்கள். பத்தொன்பது பெண்கள் பதில் சொன்னார்கள். மூன்று பேருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அண்ணி சிரித்தாள். கட்டுரையில் இவள் பெயரும் இருக்க வேண்டும் என்று அண்ணி ஒற்றைக்காலில் நிற்க, இவளும் ரொம்பப் பிகு செய்யவில்லை.

அடுத்த சுற்றுச் சோதனைக்கு வேண்டிய இலைகளை அவளே தோட்டத்துக்குப் போய்ப் பறித்து வந்தாள், நல்ல அகலமானதாகப் பார்த்து.