நகராத மீன்கள்

1991 ஆவணியில், வல்லம் வடகால் பக்கத்து ஏரியில் கங்கம்மாள் வீசிய வலையில், இருபது கோடி வருஷத்துக்கு முன்பே பூண்டற்றுப்போன மீன் ஒன்று உயிரோடு ஏறியது. எடை நாலு கிலோ. புதுத் தொழிற்சாலைக்குப் பள்ளம் தோண்டியபோது மீன் பதிந்த கற்கள் பாளம் பாளமாக வந்தன. லாரிக்காரர்கள் அவற்றை ஏரியில் கொட்டினார்கள். தண்ணீரில் ஊறிய கல்லிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாகக் கழன்று நீந்தின. ஒரு வாரத்துக்குள் முந்நூறு இருக்கும்.

புருஷன் போனபின் ஏரிமீன் விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் கங்கம்மாள். துடுப்பைத் தடவியே மீனின் பிழைப்பைச் சொல்லிவிடுவாள். காஞ்சிபுரத்துக் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் மெர்சி தடித்த புத்தகத்தோடு வந்தபோது கங்கம்மாளே விளக்கினாள்.

"வாலு பிறையாட்டம் இருந்தா ஊரு சுத்தற மீனு, டீச்சரம்மா. றெக்கைங்க வாலாண்ட ஒதுங்கி இருந்தா, புல்லுல ஒளிஞ்சிக்கினு ஒரே பாய்ச்சல்ல புடிக்கும். இதுக்குப் பாரு, றெக்க கையாட்டம் சதையா கீது. தரைய ஊணிக்கினு குந்தற மீனு. தொரத்தினாலும் போவாது."

மெர்சி பக்கங்களைப் புரட்டிவிட்டு, அப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள்.

கார்த்திகையில் தொழிற்சாலைக் கம்பெனி ஏரியைத் தூர்க்க வந்தது. பதினோரு நாள் மோட்டார் வைத்து இறைத்தார்கள். சேறு தெரிந்த அன்று பெய்த மழையில், பிறைவால் மீன்கள் மழைத்தாரையைப் பிடித்து ஏறிக் கடல் பக்கம் போய்விட்டன. புல்லில் ஒளிந்தவை முதல் லாரியின் டயரைக் கடித்துக் காற்றைப் பிடுங்கின. சதைத்துடுப்பு மீன்கள் கரையேறி மண்பாதையில் வரிசையாகக் குந்தின. கங்கம்மாள் அவற்றின் நடுவே போய் உட்கார்ந்தாள்.

சூப்பர்வைசர் நரசிம்மன் கத்தினார். "எழுந்து போம்மா! மீனுக்கெல்லாம் இன்னா பட்டாவா கீது?"

"கல்லுலயே அச்சு கீது, நீயே பாத்தியே. உன் கம்பெனிக்கு கீதா?"

இரண்டாவது லாரி உறுமிக்கொண்டு ஒரு முழம்வரை வந்தது. பக்கத்து மீன் தன் துடுப்பை அவள் பாதத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டது. அவள் கண்ணை மூடவில்லை. டிரைவர் முனிரத்தினம் இன்ஜினை நிறுத்தி, சாவியை ஏரிச் சேற்றில் எறிந்துவிட்டு இறங்கினார்.

பத்தொன்பது நாள் அப்படியே இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் அவளுக்குக் கஞ்சியும் மீன்களுக்குக் குடத்தில் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். தை பிறந்ததும் கம்பெனி தன் மதிலை ஏரிக்கு அந்தப் பக்கமாக வளைத்துக் கட்டியது. ரோட்டில் பஞ்சாயத்து ஒரு பலகை நட்டது: மீன்கள் நடக்கும் இடம், மெதுவாகச் செல்லவும். ஷிப்ட் பஸ்கள் அங்கே ஹாரன் அடிப்பதில்லை. மீன்கள் கடந்த பிறகு போகும்.