ஒன்பது படங்களிலும் மூடிய ஷட்டர்

அவன் வேலை லிப்ட் பழுது பார்ப்பது. ஆனால் தெருவில் யாரும் அவனை லிப்ட்காரன் என்பதில்லை, மேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். இணைய வரைபடத்தில் ஆயிரத்து நானூறு படங்கள் ஏற்றியவனுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? மருந்துக்கடை, தபால் நிலையம், செருப்புக்கடை, ஏன், பொதுக் கழிப்பறையைக்கூட நான்கு பக்கமும் சுற்றி வந்து எடுத்துப் போட்டிருந்தான். "கழிப்பறைய மட்டும் மூணு லட்சம் பேரு பாத்திருக்காங்க" என்று சாப்பிடும்போது சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அவனுக்கு ஒரே ஒரு பிடிவாதம். படத்தில் மனிதத் தலை தெரியக் கூடாது. நல்ல கட்டடத்தின் முன்னால் எவராவது வந்து நின்று மூக்கைச் சொறிந்தால் அவனுக்கு வயிறு எரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஊர் எழுவதற்குள் கிளம்பிவிடுவான்.

தங்கை பல் டாக்டர். தெருவோரமாக அவள் சொந்தக் கிளினிக் தொடங்கியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஷட்டரை ஈரத்துணியால் துடைத்தான், வாசலைப் பெருக்கினான், ஒன்பது கோணங்களில் ஒன்பது படங்கள் எடுத்து ஏற்றினான். ஈ, எறும்புகூட இல்லாத சுத்தமான படங்கள்.

கிளினிக்குக்கும் ஈ, எறும்பு வரவில்லை. நான்கு மாதமாக டாக்டரும் நர்ஸம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். இந்த மாதத்துக்குள் ஆள் சேராவிட்டால் பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்புவது என்று தங்கை முடிவெடுத்திருந்தாள். அங்கே பெரிய டாக்டர் அவளை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். முப்பத்தாறு வயதில் மறுபடி பாப்பாவாவதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

அன்று தங்கை போன் செய்தாள். "அண்ணா, கிளம்பி வா. இப்பவே."

மேப்பு ஓடிவந்து வாசற்படியோடு நின்றான். உள்ளே ஒரு பஸ் டிரைவர் கன்னத்தில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்கிட்ட சொன்னத இவர்கிட்டயும் சொல்லுங்க" என்றாள் தங்கை.

"வலி தாங்காம மூணு நாளா மேப்புல தேடினேங்க" என்றார் டிரைவர். "இந்த எடத்துக்கு ஒம்பது போட்டோ இருக்கு. ஒம்பதுலயும் ஷட்டர் இறக்கியிருக்கு. டாக்டர் கடையக் கட்டிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். இன்னிக்கு வண்டி வாசல்லயே மக்கர் பண்ணி நின்னதால பாத்தேன், திறந்திருக்கு!"

மேப்புவின் முகம் சுண்டிப்போனது.

"இன்னொண்ணு" என்று டிரைவர் அசடு வழிந்தார். "நாலு பேருக்கு உதவியா இருக்கட்டுமேன்னு, நிரந்தரமா மூடியாச்சுன்னு நானே மேப்புக்குத் தெரிவிச்சுட்டேன். அப்படியே போட்டுட்டாங்க."

அவர் போனதும் தங்கை கத்துவாள் என்று மேப்பு எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. அவனே முந்திக்கொண்டு போனை எடுத்தான்.

"அத இப்பவே மாத்திடலாம்மா. கதவு திறந்திருக்கிற மாதிரி இங்கேருந்தே ஒரு படம்..."

"உள்ள வந்து எடு."

"வெளிச்சம் இங்கதான் நல்லா விழுது."

"உள்ள வா அண்ணா."

இருபது மாடிக் கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறவன், அந்த வாசற்படியைத் தாண்டக் கூசினான். பள்ளிக்கூட நாளில் ஒரு பல்லைப் பிடுங்கியபோது மூன்று பேர் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன்பின் பல் டாக்டர் இருக்கும் அறைக்குள் அவன் நுழைந்ததே இல்லை, தங்கை படித்து முடித்தும்கூட. விடிகாலையில் வந்து படமெடுத்ததில் கலைக்குப் பங்கு பாதிதான். மீதிப் பாதி, அப்போது கிளினிக் பூட்டியிருக்கும் என்ற நிம்மதி.

ஒருவழியாக உள்ளே வந்து காலி நாற்காலியைப் படமெடுத்தான்.

"காலி நாற்காலியப் போட்டா காலி கிளினிக்னுதான் நினைப்பாங்க" என்றாள் தங்கை. "ஆள் வேணும். நீ உக்காரு."

"படத்துக்கு மட்டும்தானே?"

"படத்துக்கு மட்டும்தான்."

போனை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு நுனியில் உட்கார்ந்தான். நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. "வாயைத் திற, அப்பத்தான் நிஜமா இருக்கும்" என்று சிறு கண்ணாடியை உள்ளே விட்ட தங்கை, "அடப்பாவி" என்றாள். "இதனாலதான் வீட்ல ஒரு பக்கமாவே மெல்லுறியா? எத்தனை நாளா இந்தச் சொத்தை?"

அவன் திமிறி எழப் பார்த்தான். மல்லாந்த நாற்காலியிலிருந்து எழுவது அவ்வளவு சுலபமில்லை.

தங்கையின் குரல் தழுதழுத்தது. "நாலு மாசமா வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போற. எங்கண்ணனே எங்கிட்ட வாயைத் திறக்கலன்னா வேற யாரு திறப்பாங்க?"

மேப்பு விட்டத்தைப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

ஊசி, டிரில் எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது. வலிக்கவில்லை. அவன் கத்தியது பழைய பாக்கி.

நர்ஸம்மா எடுத்த படத்தைப் பார்த்ததும்தான் நிஜமாகவே வலித்தது. படம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் அவள் கட்டைவிரல் தெரிந்தது. நடுவில் அவன், வாயைப் பிளந்து, தங்கையின் கோட்டுக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

பழைய ஒன்பதையும் அழித்தான். 'திறந்திருக்கிறது' என்று திருத்தம் அனுப்பினான். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அந்தப் படத்தை ஏற்றி, கீழே எழுதினான்: "வலிக்கவில்லை. பயந்தவன் சொல்கிறேன்."

ஐந்தாம் நாள் பல்லுக்கு மூடி போட வந்தபோது அவனுக்கு உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றான். பெஞ்சிலிருந்த ஒரு பெண் போனை நீட்டி, "பாருங்க, இந்த ஆளே உக்காந்துட்டாரு, நமக்கென்னன்னுதான் வந்தேன்" என்றாள். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. படத்தில் முகத்தைவிட வாய்தான் அதிகம்.

"ஆமாங்க, பாவம், ரொம்பப் பயந்தவரு போல" என்றான் மேப்பு.

உள்ளேயிருந்து ஒரு தடித்த ஆண்குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது. "டாக்டர், அந்தப் படத்துல இருக்கிற மாதிரி... உங்க கோட்டுக் கையை நானும் பிடிச்சுக்கலாமா?"

"இந்தக் கை வேண்டாம், எங்கண்ணன் பிடிச்சதுல தையல் விட்டுப்போச்சு" என்றாள் தங்கை. "அந்தக் கையைப் பிடிச்சுக்கோங்க."