டைனாவுக்கும் கெசையாவுக்கும் நடுவில் ஒரு ரெக்கன்

ஸ்வேல் பள்ளத்தாக்கில் என் பக்கத்து வீட்டு ஹெஸ்டர் இறந்தபோது, "வீடும் சாமான்களும் மூத்த மகள் டைனாவுக்கு, அடுப்பு ரெக்கன் இளையவள் கெசையாவுக்கு" என்று உயில் எழுதி வைத்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமையே கெசையா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் அடுப்புகளில் புகைக்கூண்டுக்குள் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி கிடக்கும். அதிலிருந்து சங்கிலி தொங்கும். சங்கிலி நுனியில் கொக்கி, கொக்கியில் பானை. கெசையா ஏணி வைத்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"கொக்கியைக் கழட்டிக்கிட்டுப் போ. அதுதான் ரெக்கன்" என்றாள் டைனா.

"கொக்கியை மட்டும் எடுத்துட்டுப் போய் மூக்குலயா மாட்டிக்கிறது? கம்பி, சங்கிலி, கொக்கி எல்லாம் சேந்ததுதான் ரெக்கன். அம்மாவே சொல்லியிருக்காங்க."

"அம்மா உன்னைப் பொறுமைசாலின்னும்தான் சொல்லியிருக்காங்க."

கைகலப்பு வருமுன் பாதிரியார் பிர்க்கெட்டை அழைத்து வந்தேன். பழைய சொல் என்றால் சாப்பாட்டை மறக்கிற மனிதர். விஷயத்தைக் கேட்டதும் துள்ளிவிட்டார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அதுக்குச் சங்கிலின்னுதான் அர்த்தம். கைதியைப் பூட்டுற சங்கிலி! அப்புறம் பானை தொங்குற சங்கிலிக்குப் பேராச்சு. போகப்போக ஒரு ஊர்ல கொக்கிக்கு, இன்னொரு ஊர்ல மொத்தத்துக்கும்! ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். எவ்வளவு அழகு!"

"அழகு இருக்கட்டும் ஐயா. நான் எதை எடுத்துட்டுப் போறது?"

பாதிரியார் புகைக்கூண்டை எட்டிப் பார்த்தார். "மூத்த அர்த்தம்... சங்கிலி."

கெசையா சங்கிலியோடு போனாள். டைனா கொக்கியைக் கம்பியிலேயே நேராக மாட்டிப் பார்த்தாள். கெட்டில் புகைக்கூண்டுக்குள் ஏறிக்கொண்டது. கரி பிடித்ததே தவிர தண்ணீர் சுடவில்லை. மூன்று நாள் ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, பச்சைத்தண்ணீர் குடித்தாள். நான்காம் நாள் காலை, "ஈனாக், வா என்கூட" என்று என்னையும் இழுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே சமையலறையில் புது இரும்பு அடுப்பு பளபளத்தது. தொங்கவிட ஒரு கம்பிகூட இல்லை. சங்கிலி கொல்லையில் இருந்தது, முரட்டுச் செம்மறிக் கிடாவின் கழுத்தில்.

"நான் டீ இல்லாம செத்துக்கிட்டிருக்கேன், இது ஆட்டுக்கா?"

டைனா சங்கிலியைக் கழற்றினாள். கிடா அவளை ஒரு முட்டு முட்டிவிட்டுக் கல்சுவர் தாண்டி ஓடியது. "ஐயோ அக்கா!" என்று அலறியபடி கெசையா வந்தாள். மூவருமாக இரண்டு மேய்ச்சல் நிலமும் ஒரு ஓடையும் தாண்டித் துரத்தினோம். டைனா சேற்றில் குப்புற விழுந்தாள். தூக்கப் போன கெசையாவும் அவள்மேலேயே விழுந்தாள். கிடா நின்று வேடிக்கை பார்த்தது. அக்காதான் முதலில் சிரித்தாள்.

"எடுத்துட்டுப் போடி அக்கா" என்றாள் கெசையா, முகத்துச் சேற்றை வழித்தபடி. "எனக்கு அது எதுக்கு? அம்மா என் பேரைச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான். அதான் விட மனசில்ல."

டைனா தங்கை தலையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள்.

"எங்க வீட்லயே தொங்கட்டும். ஆனா அது உன்னுதுதான். யார் கேட்டாலும் அப்படியே சொல்றேன்."

சங்கிலியை நான் தோளில் போட்டுச் சுமந்து வந்தேன். கெசையாவும் கூடவே வந்து, ஏணியில் ஏறித் தன் கையாலேயே மாட்டினாள்.