மகன் காலில் ஒரு வெள்ளைக் கறை

எண்பத்தாறாம் வருசம் ஐப்பசியில், சந்திரவல்லி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் ஆத்தாளைப் பார்க்க வந்தாள். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள்.

மொக்கம்மாள் வாங்கிப் பார்த்தாள். பேரனுக்குத் தலை எது, கை எது என்று தெரியவில்லை. பிள்ளை துள்ளிய துள்ளலில் படம் பூராவும் கலங்கிக் கிடந்தது.

"என்னடி இது, கண்றாவி! வேற எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"உன் மருமகனும் அதைத்தான் சொன்னாரு. நாந்தான் விடலை. ஆடாம அசையாம இருந்தா அது எம் பிள்ளையா? பாரு, காலை எப்பிடி உதைக்கிறான்னு. அழகா இருக்கான்ல ஆத்தா?"

மொக்கம்மாள் சுவரில் மாட்டியிருந்த மகன் படத்தின் பக்கம் கண் போகாமலிருக்கப் பெரும்பாடு பட்டாள்.

அது பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி எடுத்த படம். முதலாளி வீட்டு விசேசத்துக்கு வந்த போட்டோக்காரர் சீனிச்சாமி, "ஃபிலிம்ல ஒண்ணே ஒண்ணு மிச்சமிருக்கு, பிள்ளைகளை வெரசாக் கொண்டா" என்றார். மொக்கம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு வயசு மகன் சுருளியின் காலில் அட்டை கடிக்காமலிருக்கத் தடவியிருந்த புகையிலையையும் சுண்ணாம்பையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். படத்தில் பிள்ளை கால் அழுக்காய்த் தெரியக்கூடாதாம்! மழை பெய்து ஓய்ந்த ஏலக்காட்டில், வெறுங்காலைக் கழுவிப் பிள்ளையைப் புல்லில் நிறுத்துகிறவளை என்னவென்று சொல்வது? பக்கத்தில் ஒன்பது வயசுச் சந்திரவல்லியை நிறுத்தி, "ஆடுனே, தோலை உரிச்சிருவேன்" என்றாள்.

சீனிச்சாமி பொத்தானை அமுக்கும் நேரம் பார்த்துச் சந்திரவல்லி சடாரென்று குனிந்தாள். முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

படம் வந்தது. சுருளி ராசா மாதிரி நின்றான். மகள் நின்ற இடத்தில் வெறும் கலங்கல். ஆத்திரத்தில் மொக்கம்மாள் பிளேடால் அந்தப் பாதியை அறுத்து அடுப்பில் போட்டாள். மகனை மட்டும் சட்டம் போட்டு மாட்டினாள். மகள் வந்து கேட்டபோது, "நீதான் குனிஞ்சுட்டியே, அதான் படத்துல விழலை" என்று கூசாமல் சொன்னாள். அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் சந்திரவல்லியை யாரும் படம் எடுக்கவில்லை.

இப்போது சந்திரவல்லி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். "இந்தாருடா, உன் மாமன். மாமன் கால்ல இருக்கு பாரு, அது அம்மா கை."

"எந்தக் கை?" என்றாள் மொக்கம்மாள். மகன் கெண்டைக்காலில் வெள்ளையாக இருந்ததை அவள் இத்தனை வருசமாகக் கறை என்றுதான் நினைத்திருந்தாள்.

"தம்பி கால்ல அட்டை ஏறிருச்சு ஆத்தா. அவன் பாத்திருந்தா கத்தி ஊரைக் கூட்டிருப்பான். இருந்த ஒரு படமும் கெட்டுப் போயிருக்கும். நீ எம்புட்டு ஆசையாக் கழுவி நிறுத்துனே! அதான் சத்தமில்லாம பிடுங்கிப் போட்டேன். நான் விழாட்டியும் என் கை விழுந்திருச்சு, பாத்தியா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் மொக்கம்மாளால் தாங்க முடியவில்லை. மகள் ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ விழுந்திருந்தேடி ஆத்தா. முழுசா விழுந்திருந்தே. கலங்கலா இருக்குன்னு நாந்தான் அறுத்து அடுப்புல போட்டேன். போட்டுட்டு உங்கிட்டயே பொய் சொன்னேன், பாவி."

சந்திரவல்லியின் சிரிப்பு நின்றுபோனது. பிள்ளையின் கலங்கிய படத்தை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"அதுல என் மூஞ்சி எப்பிடி இருந்துச்சு ஆத்தா?"

மொக்கம்மாள் யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டும் யோசித்தாள். எவ்வளவு முட்டிப் பார்த்தும் சுருளியின் முகம்தான் வந்தது.

"பாக்கலையேடி," என்றாள். "நான் பாக்கவே இல்லையே."