கை மட்டும் தெரிந்த வீடியோ

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி மாயக்காள் கேட்டது, நான் அறிக்கையை அனுப்புவதற்கு முன்பா பின்பா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. பின்பு என்றுதான் இதுவரை கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

போடியில் தங்கபாண்டியனின் ஏலக்காய்க் கடையில் எழுத்து வேலை எனக்கு. வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றச் சொன்னது அவர்தான். அது எனக்கும் தெரியும். ஒருநாள் எங்கள் குடோனில் யாரோ எடுத்த வீடியோ ஊரெங்கும் பரவியது. குவிந்து கிடக்கும் காய், அதைப் புரட்டும் இரண்டு கைகள், மணிக்கட்டுவரை பச்சை. முகம் இல்லை. இரண்டே நாளில் வெளியூர் வியாபாரிகள் லோடைத் திருப்பி அனுப்பினார்கள். ஏலத்தில் எங்கள் காயை ஈரக்கையில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடையின் பெயரைக் காப்பாற்ற ஓர் அறிக்கை வேண்டும் என்றார் முதலாளி. 'எங்களுக்குத் தெரியாமல் ஒரு பெண் தொழிலாளி செய்த தவறு. அவரை நீக்கிவிட்டோம்' என்று எழுதினேன்.

மாயக்காள் பதினெட்டு வருடம் அங்கே தரம் பிரித்துக் காய் பொறுக்கியவள். அவளைக் கூப்பிட்டு முதலாளி தன்மையாகத்தான் பேசினார்.

"பேரும் போடல, மூஞ்சியும் தெரியல. ரெண்டு மாசம் வீட்டுல இரு ஆத்தா. பெறகு கூப்பிட்டுக்கிறேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"காய் பொறுக்குறவ என்னைக்குண்ணே மூஞ்சியப் பாத்தா? நாள் பூரா எதுக்க இருக்குறவ கையத்தான பாக்குறோம். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க."

நாங்கள் அதை நினைக்கவே இல்லை. அவளுடைய இடது சுண்டுவிரல் வளைந்திருக்கும்; வீடியோவிலும் அது தெரிந்தது. என் கையில் போன் இருந்தது. அனுப்பியாகிவிட்டது என்றேன். அவள் கிளம்பிப் போனாள்.

அறிக்கை போன நேரம் போனில் இருக்கும். இன்றுவரை நான் திறந்து பார்க்கவில்லை.

மறுவாரம் வேறொரு குடோனுக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். "பச்சக்கை வந்துருச்சு, காய மூடுங்கடி" என்று உள்ளே ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்களாம். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தங்கபாண்டியன் பழைய பெயரிலேயே கடையை நடத்துகிறார்; வியாபாரம் நன்றாக இருக்கிறது. அவளை அவர் கூப்பிடவில்லை. மாயக்காள் திருப்பூரில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். நான் அதே கடையில்தான் இருக்கிறேன்.